விமானத்தை நிறுத்தியும் இத்தாலியில் கொரோனா எப்படிப் பரவியது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "2020 ஜனவரி கடைசியிலேயே சீன விமானங்களை நிறுத்திய நாடு இத்தாலி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை முதலில் செய்ததும் அவர்கள்தான். அப்படியும் மேற்கு நாடுகளில் முதலில் அடிவாங்கியது அவர்களே. இது எப்படி நடந்தது? யார்தான் கொண்டு வந்தது?"

சுருக்கமாகச் சொன்னால், கதவைச் சாத்தும்போது திருடன் அநேகமாக வீட்டுக்குள் இருந்தான். வீட்டுக்குள் தேடக் கூடாது, வாசலில் மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது. மிச்சமெல்லாம் இதிலிருந்து வந்தவை. யார் கொண்டு வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குச் சுவாரசியமான பதில் இல்லை.

நான் காய்ச்சல் பட்டியல் போடும் வேலையில் பல வருஷம் இருந்தவன். எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு என்று கட்டம் கட்டமாக நிரப்பும் வேலை. அதனால் இத்தாலிக் கதையை எண்களின் பக்கமிருந்துதான் பார்க்கிறேன்.

முதலில் வாசல். 2020 ஜனவரி 23 அன்று ஊகானிலிருந்து வந்த ஒரு சீனத் தம்பதி மிலானின் மால்பென்சா விமான நிலையத்தில் இறங்கினார்கள். ஊர் சுற்றிக்கொண்டே ரோம் வரை போனார்கள். அங்கே உடம்புக்கு முடியாமல் ஸ்பல்லன்சானி தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஜனவரி 30 இரவு பிரதமர் ஜுசெப்பே கோன்தே தொலைக்காட்சியில் வந்து இவர்கள்தான் நாட்டின் முதல் இரண்டு நோயாளிகள் என்று அறிவித்தார். நேரடி விமானங்கள் நின்றன, மறுநாள் ஆறு மாத அவசரநிலை அறிவிப்பும் வந்தது. விமான நிலையங்களில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார்கள். எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது. துபாயிலோ பிராங்பர்ட்டிலோ விமானம் மாறி வருகிறவர் எங்கிருந்து கிளம்பினார் என்று யார் பார்ப்பது என்பதுதான் ஓட்டை. அறிகுறியே இல்லாதவரிடம் வெப்பமானி என்ன சொல்லும் என்பது அதைவிடப் பெரிய ஓட்டை.

அந்தத் தம்பதியால் பின்னால் வந்த பெரும் பரவல் தொடங்கவில்லை. அவர்கள் உடலில் இருந்த வைரஸின் மரபணு வேறு, மூன்று வாரம் கழித்து வடக்கே, மிலான் இருக்கும் லோம்பார்டி மாநிலத்தில் அகப்பட்ட வைரஸின் மரபணு வேறு. நாடே ரோமில் அந்த மருத்துவமனையின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், காரியம் வடக்கே வேறு வழியில் நடந்துகொண்டிருந்தது.

வடக்கே என்றால் போ ஆற்றுச் சமவெளி. நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி கண்ணுக்கெட்டிய வரை தட்டையான நிலம். சோளம், மாட்டுப் பண்ணை, பாலாடைக்கட்டி ஆலைகள். அந்தப் பண்ணைகளில் பால் கறப்பவர்களில் கணிசமானவர்கள் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தச் சமவெளியில் மிலானுக்குத் தெற்கே லோடி மாகாணத்தில் கொடோன்யோ என்று ஒரு சிறு நகரம். பதினைந்தாயிரம் பேர் இருக்கலாம். ஒரு அரசு ஆஸ்பத்திரி உண்டு.

பிப்ரவரி நடுவில் அங்கே 38 வயது ஆண் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். திரும்பிப் போனார், மறுபடி வந்து சேர்ந்தார். ஓட்டப் பந்தயம், கால்பந்து என்று திடகாத்திரமான ஆள். நிமோனியா என்று வழக்கமான மருந்துகளைக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரையீரல் மோசமாகி ஐசியுவுக்குத் தூக்கினார்கள். அங்கே பணியில் இருந்தவர் மயக்க மருந்து மருத்துவர் அன்னலிசா மலாரா. இந்த வயதில், இந்த உடம்பில், இவ்வளவு வேகமாக ஏன் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. மனைவியிடம் மறுபடி மறுபடி விசாரித்தபோதுதான், சீனா போய் வந்த ஒரு நண்பரோடு கணவர் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார் என்பது தெரிந்தது.

அப்போதைய நெறிமுறைப்படி இவருக்குக் கொரோனா பரிசோதனை செய்ய வழியில்லை. இவர் சீனா போகவில்லை. உறுதிசெய்யப்பட்ட நோயாளி யாரோடும் பழகியதாகவும் ஆதாரமில்லை. செய்வதானால் உங்கள் பொறுப்பில் செய்துகொள்ளுங்கள் என்ற பதிலை வாங்கிக்கொண்டு மலாரா மாதிரி எடுத்து மிலானுக்கு அனுப்பினார். பிப்ரவரி 20 இரவு ஒன்பது மணிக்கு மேல் முடிவு வந்தது. தொற்று உறுதி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று அந்த விதியைப் பார்க்க வேண்டும். ஜனவரி 22 அன்று இத்தாலியச் சுகாதார அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கையில் ஒரு நல்ல வரி இருந்தது. சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் எதிர்பாராத விதமாக மோசமாகும் நோயாளி என்றால், எங்கே போனார் எங்கே வந்தார் என்று பார்க்காமல் சந்தேகப் பட்டியலில் சேர்க்கலாம் என்ற அர்த்தத்தில். ஐந்து நாள் கழித்து வந்த அடுத்த சுற்றறிக்கையில் அந்த வரி இல்லை. சீனத் தொடர்பு இருந்தால்தான் பரிசோதனை என்று ஆகிவிட்டது. காரணம் புரியாமல் இல்லை. பரிசோதனைப் பொருட்கள் கொஞ்சம், ஆய்வகங்கள் கொஞ்சம், குளிர்காலக் காய்ச்சலோ ஊரெல்லாம். எல்லாருக்கும் செய்தால் தாங்காது. ஆனால் விளைவு என்ன? உள்ளூரில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் நோயைக் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு வலையை அவர்களே பின்னிக்கொண்டார்கள். வலையில் மீன் விழவில்லை, ஆகவே குளத்தில் மீன் இல்லை என்று மூன்று வாரம் நம்பினார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும், கொஞ்சம் கூச்சமும் வரும். 2020 மார்ச் முதல் வாரத்தில் நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்த படிவத்திலும் முதல் கட்டம் "சீனப் பயணம்: ஆம் / இல்லை" என்பதுதான். மிலானிலிருந்து வந்த ஒருவருக்கு "இல்லை" என்று நானே குறித்து அடுத்த தாளுக்குப் போயிருக்கிறேன். படிவம் என்ன கேட்கிறதோ அதற்குத்தான் பதில் எழுதுவோம். மலாரா அன்று படிவத்தை ஒதுக்கிவிட்டு நோயாளியைப் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அன்று இரவு ஒரே ஒரு நோயாளி அகப்பட்டார். உண்மையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விரல்விட்டு எண்ணுகிற கணக்கு ஒன்று சொல்கிறேன், யாரும் போட்டுப் பார்க்கலாம். தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள். அறிகுறியிலிருந்து மூச்சு முட்டி ஐசியு போவதற்கு ஒரு வாரத்துக்கு மேல். ஆக மொத்தம் ஏறத்தாழ இரண்டு வாரம். தொற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் ஐசியு வரை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஐசியுவில் ஒருவர் படுத்திருக்கிறார் என்றால், இரண்டு வாரத்துக்கு முன் அவரைப் போல நூறு பேருக்குத் தொற்றியிருக்க வேண்டும். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத அந்த நாட்களில் எண்ணிக்கை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தது. நூறு இருநூறாகி, நானூறாகி, எண்ணூறாகி, இரண்டு வாரத்தில் 1,600 ஆகிவிடும். இது நடுத்தரக் கணக்குதான். 38 வயதுக்காரர் ஐசியு போவது நூற்றுக்கு ஒன்றைவிட அபூர்வம் என்பதால் உண்மை இதற்கு மேலேதான் இருந்திருக்கும். நாடு முழுக்க "முதல் நோயாளி" என்று தலைப்பிட்ட அன்று நிலைமை இதுதான்.

இது வெறும் ஊகக் கணக்கு இல்லை என்பது பின்னால் தெரிந்தது. லோம்பார்டி நோய்த்தடுப்புக் குழுவினர் மார்ச் 8 வரை உறுதியான 5,830 நோயாளிகளை விசாரித்து, உங்களுக்கு அறிகுறி தொடங்கிய தேதி எது என்று பின்னோக்கிப் போனார்கள். பிப்ரவரி 20க்கு வெகு முன்பே, ஜனவரியிலேயே அறிகுறி கண்டவர்கள் இருந்தார்கள். கொடோன்யோ அகப்பட்ட நாளில் தெற்கு லோம்பார்டியின் பெரும்பாலான ஊர்களில் வைரஸ் இருந்தது. ஒவ்வொரு நோயாளியும் சராசரியாக மூன்று பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளூ காலம் என்பதால் ஜனவரியின் இருமலும் காய்ச்சலும் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

இதனால்தான் அந்த வாரத்தின் எண்கள் பயமுறுத்தின. பிப்ரவரி 20 காலை வரை மூன்று பேர், எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள். பிப்ரவரி 29ல் 1,128. மார்ச் 8ல் 7,375. இப்படி ஏறியதைப் பார்த்து வைரஸ் காட்டுத்தீயாகப் பரவுகிறது என்று எழுதினார்கள். பரவியது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு பெரிய பங்கு, பல வாரமாக இருட்டில் இருந்த அறையில் அப்போதுதான் விளக்குப் போட்டதால் தெரிந்தது.

அப்புறம், காரணம் தேடும் படலம் ஆரம்பித்தது. இத்தாலிக்காரர்கள் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பவர்கள், அதனால்தான் என்று நம் ஊர் தொலைக்காட்சிகளில்கூடப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டிப்பிடிப்பதில் நேப்பிள்ஸ்காரர்கள் மிலான்காரர்களுக்குச் சளைத்தவர்களா என்ன? முதல் அலையில் தெற்கு பெரிதாக அடிவாங்கவில்லை. இன்னொரு கதை, ஆயத்த ஆடைத் தொழிலில் இருக்கும் சீனர்கள் கொண்டு வந்தார்கள் என்பது. டஸ்கனியில் பிராத்தோ என்ற ஊரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் சீன வம்சாவளி. அந்தக் கதை உண்மையானால் பிராத்தோதான் முதலில் சாய்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. சீனப் புத்தாண்டுக்கு ஊர் போய்த் திரும்பியவர்கள் யாரும் சொல்லாமலே தங்களை வீட்டில் பூட்டிக்கொண்டார்கள், கடைகளை மூடினார்கள், முகக்கவசம் போட்டார்கள். பிராத்தோவின் தொற்று விகிதம் நாட்டுச் சராசரியைவிடக் குறைவாகவே இருந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் தொலைபேசியில் சொன்னதை அவர்கள் நம்பினார்கள்.

லோம்பார்டிக்கு உரிய காரணங்கள் வேறு. ஒரு கோடிப் பேர் வாழும், தினமும் ஊர்விட்டு ஊர் ரயிலேறி வேலைக்குப் போகும் தொழில் பிரதேசம் அது. உலகத்தோடு வியாபாரத் தொடர்பு. வயதானவர்கள் அதிகம். இத்தாலியில் நூற்றுக்கு 23 பேர் 65ஐத் தாண்டியவர்கள், தாத்தா பாட்டி பக்கத்துத் தெருவில் இருப்பார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது அவர்கள்தான். ஆனால் எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது ஆஸ்பத்திரி. சந்தேகமே இல்லாத நோயாளியைச் சாதாரண வார்டில் படுக்க வைத்தால் பக்கத்துப் படுக்கைக்காரர், பார்க்க வந்த சொந்தக்காரர், நர்ஸ், டாக்டர் என்று எல்லாருக்கும் போகும். கொடோன்யோவில் அப்படித்தான் போனது. பரவலைத் தடுக்க வேண்டிய இடமே பரப்பும் இடமானது.

இனி மூன்று ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் நன்றாக விளங்கும்.

வோ என்பது பதுவா அருகே, எயுகானேய் குன்றுகளுக்கு அடியில் இருக்கும் ஊர். மக்கள்தொகை 3,275. பிப்ரவரி 21 அன்று அந்த ஊர்க்காரரான 78 வயது முதியவர் இறந்தார், கொரோனாவுக்கு இத்தாலியின் முதல் பலி. அவரும் சீனாப் பக்கமே போகாதவர். இரண்டு நாளில் ஊரை மூடினார்கள். அப்புறம் பதுவா பல்கலைக்கழகத்தின் ஆந்திரேயா கிரிசாந்தி குழு, அறிகுறி இருக்கிறதா என்றே பார்க்காமல் ஊரில் கிட்டத்தட்ட அனைவருக்கும் பரிசோதனை செய்தது. 2,812 பேரில் 73 பேருக்குத் தொற்று, அதாவது நூற்றுக்கு 2.6. இரண்டு வாரம் ஊரடங்கு முடிந்து மறுபடி பார்த்தபோது அது 1.2 ஆகக் குறைந்திருந்தது. தொற்றியவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு அறிகுறியே இல்லை. அப்படிப்பட்டவர்களிடமும் வைரஸ் அளவு அறிகுறி உள்ளவர்களுக்குச் சமமாக இருந்தது. காய்ச்சல் உள்ளவரை மட்டும் தேடினால் பாதியைத் தவறவிடுவோம் என்று உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய ஊர் அதுதான். ஒரே ஊரில், ஒரே வாரத்தில், முதல் மரணத்தின் சாக்கில் கிடைத்த ஞானம்.

இரண்டாவது கொடோன்யோ வட்டாரம். பிப்ரவரி 23 அன்று போட்ட ஆணையில் லோடி பக்கம் பத்து ஊர்களும் வோவும் சேர்த்துப் பதினோரு ஊர்கள் சிவப்பு மண்டலமாயின. சுமார் 50,000 பேர். சாலைகளில் போலீஸ், உள்ளே போகக் கூடாது, வெளியே வரக் கூடாது. பால் கெட்டுப்போகுமே என்று பண்ணைக்காரர்கள் பதறினார்கள்.

மூன்றாவது பெர்காமோ மாகாணத்தின் செரியோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. நெம்ப்ரோ, அல்சானோ என்று ஒட்டி ஒட்டி இருக்கும் ஊர்கள், நெசவாலைகள், பொறியியல் பட்டறைகள். நம் கோயம்புத்தூர் சுற்றுவட்டாரத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். லோடியில் சாலையை மறித்த அதே பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, அல்சானோ ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உறுதியானார்கள். அவசரப் பிரிவை மூடினார்கள். சில மணி நேரத்தில் மறுபடி திறந்துவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்தைப் பற்றி இத்தாலியில் இன்னும் பேசுகிறார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கு சிவப்பு மண்டலம் ஆகவில்லை. மார்ச் 3 அன்று அறிவியல் ஆலோசனைக் குழு நெம்ப்ரோவையும் அல்சானோவையும் மூடலாம் என்று பரிந்துரைத்தது. 5ஆம் தேதி போலீஸும் ராணுவமும் வந்து தயாராக நின்றன. ஆணை வரவில்லை. திரும்பிப் போனார்கள். மாநிலம் மூட வேண்டுமா, ரோம் மூட வேண்டுமா என்று இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள், பின்னாளில் வழக்கு விசாரணையிலும் அதையேதான் செய்தார்கள். இதற்கு நடுவே பெர்காமோ தொழிலதிபர்கள் சங்கம் பிப்ரவரி கடைசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஒரு காணொளி விட்டது: பெர்காமோ ஓடிக்கொண்டிருக்கிறது, கவலை வேண்டாம் என்று. மிலானும் இதற்குச் சளைக்கவில்லை, மிலான் நிற்காது என்று அங்கேயும் ஒரு காணொளி. ஆளும் கூட்டணிக் கட்சித் தலைவர் ஒருவர், நிக்கோலா ஜிங்கரெத்தி, பயப்படாதீர்கள் என்று காட்ட மிலானில் போய்க் கூட்டத்தோடு மாலை மது அருந்தினார். பத்து நாளில் தனக்கே தொற்று என்று அவர் அறிவிக்க வேண்டி வந்தது. அன்று அவரைச் சுற்றி நின்ற எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், அவரை மட்டும் கேலி செய்வது சுலபம்.

பெர்காமோ என்றதும் எல்லாரும் அந்தக் கால்பந்து ஆட்டத்தைச் சொல்வார்கள். பிப்ரவரி 19, அதாவது கொடோன்யோ முடிவு வருவதற்கு முந்தின நாள். உள்ளூர் அணியான அத்தலாந்தா சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்பெயினின் வலென்சியாவோடு மோதியது. பெர்காமோ மைதானம் அந்தத் தரத்துக்குப் போதாது என்பதால் மிலானின் சான் சிரோவில் ஆட்டம். 40,000 பேருக்கு மேல் பார்த்தார்கள், பெரும்பாலானோர் பெர்காமோவிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் நெருக்கியடித்துப் போனவர்கள். 4-1 என்று வெற்றி, நான்கு முறை கத்திக் கட்டிப்பிடித்திருப்பார்கள். வலென்சியா பக்கமும் பின்னால் அணியிலும் ஊழியர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குத் தொற்று உறுதியானது. இது பரவலுக்கு உதவியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தொடக்கம் இதுவல்ல. அந்த ஆட்டத்துக்கு முன்பே அல்சானோ வார்டுகளில் நிமோனியா நோயாளிகள் படுத்திருந்தார்கள். ஒரு ஆட்டத்தின் தலையில் பழியைப் போட்டால் ஆஸ்பத்திரிக் கதையை மறந்துவிடலாம், அதனால்தானோ என்னவோ அந்தக் கதைக்கு அவ்வளவு மவுசு.

மார்ச் 7 வாக்கில் லோடியிலும் பெர்காமோவிலும் உறுதியான நோயாளிகள் ஏறத்தாழ சமம். ஒரே வாரத்தில் பெர்காமோ லோடியைப் போல இரண்டு மடங்காகிவிட்டது. முன்கூட்டி மூடியதன் பலன் என்று இதைக் காட்டுவார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் லோடியின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம், பெர்காமோ பதினோரு லட்சம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வைரஸ் எரிய விறகு அங்கே அதிகம்.

நெம்ப்ரோவின் கணக்குதான் என்னை உலுக்கியது. மக்கள்தொகை சுமார் 11,500. ஜனவரி தொடங்கி மார்ச் வரை அந்த ஊரில் வழக்கமாக 35 பேர் இறப்பார்கள். 2020ல் 158 பேர் இறந்தார்கள். 123 பேர் கூடுதல். கொரோனா மரணம் என்று அரசுக் கணக்கில் ஏறியது 31. மிச்சமுள்ளவர்கள் வீட்டிலும் முதியோர் இல்லத்திலும் பரிசோதனை இல்லாமலே போனவர்கள். இதை வெளியே கொண்டு வந்தவர்களில் ஒருவர் அந்த ஊர் மேயர் கிளாவுதியோ கான்செல்லி. ஊர் பதிவேட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்தார், அவ்வளவே. மாகாணம் முழுவதற்கும் மார்ச் மாத மரணங்கள் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 568 சதவீதம் அதிகம் என்று இத்தாலியப் புள்ளிவிவர அலுவலகம் பிறகு கணக்கிட்டது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் கண்ணீர் அஞ்சலி வருமே, அதுபோல பெர்காமோ நாளிதழிலும் தினமும் இரண்டு மூன்று பக்கம் வரும். மார்ச் 13 அன்று பத்துப் பக்கம் வந்தது. 18ஆம் தேதி இரவு ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போன படம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஊர் மின்மயானம் இரவு பகலாக எரித்தும் போதாமல் வெளி மாநிலங்களுக்குக் கொண்டு போனார்கள்.

இடையில் மார்ச் 7 சனிக்கிழமை இரவு ஒரு கூத்து. லோம்பார்டியையும் சுற்றியுள்ள 14 மாகாணங்களையும் மூடும் ஆணையின் வரைவு, கையெழுத்தாகும் முன்பே பத்திரிகையில் கசிந்தது. தெற்கேயிருந்து படிக்கவும் வேலைக்கும் வந்திருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு மிலான் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். தெற்கே புல்யா மாநில ஆளுநர் மிக்கேலே எமிலியானோ, நின்று திரும்பிப் போங்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கொண்டு வராதீர்கள் என்று கெஞ்சினார். இரண்டே நாளில், மார்ச் 9 இரவு, நாடு முழுவதையும் மூடுவதாக கோன்தே அறிவித்தார். அந்த இரவின் ரயில்கள் தெற்கை எரித்திருக்க வேண்டும். எரிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் போய் இறங்கிய ஊரும் உடனே அடங்கிவிட்டது. வடக்கில் ஜனவரியில் வைரஸுக்குக் கிடைத்த ஐந்தாறு வாரம் தெற்கில் அதற்குக் கிடைக்கவில்லை. வடக்கு, தெற்கு வித்தியாசத்துக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான், முத்தம் அல்ல.

அந்தக் கோடையில் இத்தாலி முழுக்க ரத்தப் பரிசோதனை நடத்திப் பார்த்தார்கள். நாட்டில் நூற்றுக்கு 2.5 பேருக்கு, தொற்று வந்து போனதைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது, ஏறத்தாழ 15 லட்சம் பேர், அரசு எண்ணியதைவிட ஆறு மடங்கு. பெர்காமோ மாகாணத்தில் மட்டும் நூற்றுக்கு 24.

இத்தாலியிலிருந்து அது நம் பக்கம் வந்த வழியும் இதே கதைதான். பிப்ரவரி 21 அன்று, கொடோன்யோ செய்தியோடு இத்தாலி விழித்த அதே நாளில், 23 இத்தாலியச் சுற்றுலாப் பயணிகள் தில்லியில் இறங்கி ராஜஸ்தான் பார்க்கக் கிளம்பினார்கள். மார்ச் முதல் வாரத்தில் அவர்களில் 16 பேருக்கும் அவர்களோடு இருந்த இந்திய ஓட்டுநருக்கும் தொற்று உறுதியானது. பிப்ரவரி 29 அன்று வெனிஸிலிருந்து தோஹா வழியாக ஒரு மலையாளிக் குடும்பம் கொச்சியில் இறங்கி பத்தனம்திட்டா போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் சொந்தக்காரர் வீடு, கடை, வங்கி என்று போய் வந்தார்கள். அந்தக் குடும்பத்தின் தொண்ணூறைத் தாண்டிய பெரியவரும் அவர் மனைவியும் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் பிழைத்து வந்தது அந்த நாட்களில் கிடைத்த ஒரே நல்ல செய்தி. அவர்கள் விமான நிலையத்தைக் கடந்த அன்று வாசலில் எல்லாரையும் சோதிக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. வந்தது மார்ச் 4 அன்று.

கடைசியாக, யார் கொண்டு வந்தது? சீனா போய் வந்த அந்தச் சாப்பாட்டு நண்பரைத்தான் முதலில் பிடித்தார்கள். அவருக்குத் தொற்று இல்லை, முன்பு வந்து போன தடயமும் ரத்தத்தில் இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் ஜனவரியில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் பரவியதே, அங்கிருந்து வந்திருக்கும் என்று கொஞ்ச காலம் நம்பினார்கள். மரபணு ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இல்லை, தனியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றன. மிலான், டூரின் சாக்கடை நீரில் 2019 டிசம்பர் 18 தேதி மாதிரியிலேயே வைரஸின் சுவடு இருந்தது என்று இத்தாலிய தேசியச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவர் ஒருவரா பலரா என்பதே தெரியாது. வியாபாரத்துக்கு வந்து லேசாக இருமிவிட்டுத் திரும்பிப் போன யாரோ ஒருவராக இருக்கலாம், தனக்கு வந்து போனது அவருக்கே தெரிந்திருக்காது. கொடோன்யோவின் அந்த 38 வயதுக்காரரை இத்தாலியர்கள் முதல் நோயாளி என்றே இன்றும் சொல்கிறார்கள். அவர் மார்ச் மாதம் பிழைத்து வீட்டுக்குப் போனார். அவர் முதலில் நோயுற்றவர் அல்ல, முதலில் சோதிக்கப்பட்டவர்.